வீட்டுக்கு மடிக்கணினி: ஸ்டிக்கரை நம்பி வாங்குவதில் உள்ள தவறுகள்

பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, மின்கட்டணம், யூடியூப், வெளியூரில் இருப்பவர்களுடன் வீடியோ அழைப்பு, எப்போதாவது ஒரு விண்ணப்பத்தை அச்செடுப்பது: ஒரு சராசரி வீட்டில் மடிக்கணினிக்கு இருக்கும் வேலை இவ்வளவுதான். இன்று கடையில் இருக்கும் நடுத்தர விலை மாடல்கள் ஏறத்தாழ அனைத்தும் இவற்றைச் செய்துவிடும் என்பதால், எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று நினைப்பது இயல்பே. ஆனால் இது ஐந்தாறு ஆண்டுகள் ஓட வேண்டிய பொருள். பின்னாளில் மாற்றிக்கொள்ளக்கூடிய உறுப்புக்கு இன்றே கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, ஒருபோதும் மாற்ற முடியாத உறுப்பில் சிக்கனம் பிடிப்பதுதான் வாங்குபவர்கள் செய்யும் முதன்மையான தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்து கிளைத்தவையே.

மாற்ற முடியாதவற்றில் முதலாவது, கணினியின் மூளையான புராசசர். "ஐ5 இருக்கிறதா, ஐ7 இருக்கிறதா" என்று கேட்டு அதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த எண் ஒரே தலைமுறைக்குள் எது உயர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். 2016இல் வந்த இன்டெல் ஐ7-7500யு புராசசரில் 2 கோர்களே (வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்) உள்ளன. 2022இல் வந்த ஐ3-1215யுவில் 6 கோர்கள் உள்ளன. வீட்டு வேலைக்கு இரண்டாவது எளிதாக முந்திவிடும். ஆகவே, பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் முழு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். அதேவேளை, தலைமுறை எண்ணை மட்டும் துரத்துவதும் வீண் செலவு. 12ஆம் தலைமுறை ஐ5-1235யுவுக்கும் 13ஆம் தலைமுறை ஐ5-1335யுவுக்கும் கோர்களின் எண்ணிக்கை 10தான். வேகத்தில் இருக்கும் சிறு வேறுபாடு பிரவுசரில் தெரியப்போவதில்லை.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் புராசசர்களில் குழப்பம் இன்னும் நுட்பமானது. 2023 மாடல்களுக்காக அந்நிறுவனம் கொண்டுவந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பின் வயதைச் சொல்கிறது. ரைசன் 5 7520யு என்பதில் அந்த இலக்கம் 2. அதாவது 2019இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு, 4 கோர்கள். ரைசன் 5 7530யு என்பதில் அது 3. அடுத்த கட்டமைப்பு, 6 கோர்கள். பெயரில் ஓர் இலக்கம்தான் வேறுபாடு, ஸ்டிக்கரிலோ இரண்டும் "ரைசன் 5"தான். விலைப்பட்டியலில் ஒன்று மட்டும் சில ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் தள்ளுபடியல்ல, அந்த இலக்கம்தான்.

பழுது நீக்கி மறுவிற்பனைக்கு வரும் அலுவலக மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல விசைப்பலகையும் உறுதியான உடலும் கொண்டவை அவற்றில் பல. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த புராசசர் வேண்டும். 7ஆம் தலைமுறைக் கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருபவர்களும் உண்டு. அப்படி ஏற்றியதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இது சிறிய குறையல்ல.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். 8 ஜிபியில் இன்று வேலை நடக்கும். ஆனால் திரைக்காட்சிக்குத் தனி நினைவகம் இல்லாத மாடல்களில் அதிலிருந்தே ஒரு பங்கு போய்விடும், மீதியில் பத்துப் பதினைந்து டேப்களும் வீடியோ அழைப்பும் சேர்ந்தால் நெருக்கடிதான். "பின்னால் போட்டுக்கொள்ளலாம் சார்" என்று விற்பனையாளர் சொல்வார். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அது நடக்காது. ஷோரூமில் வைத்திருக்கும் விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்து பாருங்கள். ஃபார்ம் ஃபாக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் அது பற்றவைத்த ரேம். "சோடிம்" என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடியது. காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். பற்றவைத்த ரேம் என்றால் 16 ஜிபிக்குக் குறைவாக வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

சேமிப்பகத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. 1 டிபி என்ற எண்ணுக்காகப் பலர் கூடுதல் பணம் தருகிறார்கள். எம்.2 என்ற கழற்றி மாட்டும் வகை எஸ்எஸ்டியை (சேமிப்புச் சில்லு அட்டை) பிறகு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் 512 ஜிபி போதும். மிக மலிவான மாடல்களில் வரும் 64 ஜிபி இஎம்எம்சி என்ற சிறிய சேமிப்பகத்தைத்தான் தவிர்க்க வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்புக்கே அதில் இடம் திணறும்.

திரையை எவரும் கேட்பதில்லை. அன்றாடம் மணிக்கணக்கில் கண் படும் உறுப்பு அதுதான், வாங்கிய பின் மாற்றுவதற்கும் பெரும் செலவாகும். இருந்தும் விலையைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. 1366 x 768 பிக்சல் திரையை இன்று வாங்க எந்தக் காரணமும் இல்லை. 1920 x 1080 குறைந்தபட்சம். ஃபுல் எச்டி என்று எழுதியிருப்பதோடும் திருப்தியடைய முடியாது. குறிப்புத்தாளில் டிஎன் என்ற மலிவான திரை வகை எழுதியிருந்தால் விட்டுவிடலாம். அது எழுதப்படாத இடத்தில், திரையை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் முகங்கள் கறுத்துப்போவது காட்டிக்கொடுத்துவிடும். ஐபிஎஸ் என்ற மேம்பட்ட வகைத் திரையில் அவ்வாறு நேராது. திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவைச் சொல்லும் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்ற வரி, நிறங்கள் வெளிறித் தெரியும் என்பதற்கான மரியாதையான அறிவிப்பு. கல்யாணப் படத்தில் அரக்குப் பட்டுப்புடவை செங்கல் நிறமாகத் தெரிவது அதனால்தான். திரை வெளிச்சத்தின் அலகான நிட்ஸில் 250 என்பது அறைக்குள் சமாளிக்கும். ஜன்னலோரம் அமர்பவருக்கு 300க்கு மேல் தேவை.

"எதற்கும் இருக்கட்டும்" என்று கேமிங் மடிக்கணினி வாங்குவது இன்னொரு வழக்கம். எடை 2 கிலோவைத் தாண்டும், மின்விசிறி இரையும், பேட்டரி விரைவில் தீரும். வீட்டில் விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ இல்லையென்றால் அந்தப் பணம் திரைக்குப் போகட்டும். ஏஐ ஸ்டிக்கரும் இவ்வகைதான். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த கோபைலட் பிளஸ் பிசி என்ற ஏஐ கணினித் தகுதிக்குக் குறைந்தது 16 ஜிபி ரேம் கட்டாயம். அந்த ஸ்டிக்கரால் வீட்டுக்குக் கிடைக்கும் உருப்படியான நன்மை இப்போதைக்கு அதுவே என்பேன். அதே பிரிவில் வரும் ஸ்னாப்டிராகன் புராசசர் மாடல்களில் பேட்டரி நெடுநேரம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அவை இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறான ஆர்ம் வகை என்பதால், பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றுக்கு ஆர்ம் வகைக்கான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

பேட்டரி "10 மணி நேரம்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, அதன் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். 41 வாட்-ஹவர் பேட்டரியில் சராசரியாக 8 முதல் 10 வாட் செலவானால் 4 முதல் 5 மணி நேரம்தான் வரும்.

பில் போடும் மேசையில் வரும் தவறுகள் தனி வகை. "ஆஃபிஸ் இலவசம்" என்றால், அது அந்தக் கணினிக்கு நிரந்தரமானதா, ஓராண்டுச் சந்தாவா என்று கேளுங்கள். டாஸ் மாடல் மலிவாக இருப்பது விண்டோஸ் இல்லாததால்தான். காட்சிக்கு வைத்திருந்ததையே எடுத்துக் கொடுத்தால், அடிப்பாகத்தில் இருக்கும் சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். வழக்கமான வாரண்டியில் விசைப்பலகை மேல் கொட்டிய காபிக்கும் கீழே விழுந்து உடைந்த திரைக்கும் இடமில்லை. அதற்கு விபத்துப் பாதுகாப்புத் திட்டம் தனியாக வாங்க வேண்டும். கடைக்காரர் நீட்டும் "எக்ஸ்டெண்டட் வாரண்டி" பெரும்பாலும் இந்தத் திட்டமாக இருப்பதில்லை. கணினி நிறுவனமே தரும் நீட்டிப்பைப் பொதுவாக முதலாண்டு வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால், வாங்கும் அன்றே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.