ஃபிளாஷ் பார்டிஷன்: கெர்னல் யார் பேச்சைக் கேட்கிறது?

ஹார்ட் டிஸ்க்கில் பார்டிஷன் டேபிள், அதாவது எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல், அந்த டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் தன் கதையைத் தானே சொல்லிவிடும். ரவுட்டரிலும் கேமராவிலும் இருக்கும் ஃபிளாஷ் சிப் அப்படியல்ல. 16 எம்பி நிலம், ஆனால் பெரும்பாலும் வேலி கிடையாது. முதல் 256 கேபி பூட்லோடருக்கு (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி கெர்னலை எழுப்பும் புரோகிராம்), அடுத்த 64 கேபி அதன் செட்டிங்ஸுக்கு என்று லினக்ஸ் கெர்னலுக்கு வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். அந்தப் பேச்சை வாங்கிப் புரிந்துகொள்பவைதான் பார்சர்கள். கெர்னலில் ஃபிளாஷைக் கவனிக்கும் எம்டிடி என்ற பகுதிக்குள் இவை இருக்கின்றன. ஒவ்வொரு பார்டிஷனும் எம்டிடி0, எம்டிடி1 என்று எண் பெறும்.

இங்கே நடக்கும் தவறுகளில் பாதி சத்தமே போடாது. போர்டு நன்றாக பூட் ஆகும், வேலி மட்டும் வேறு இடத்தில் நிற்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யார் பேச்சுக்கு மதிப்பு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரைவர் வேறு பட்டியல் கொடுக்காதபோது கெர்னல் முதலில் கேட்பது சிஎம்டிலைன்பார்ட் பார்சரை. பூட்லோடர் அனுப்பும் கமாண்ட் லைனில் எம்டிடிபார்ட்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா என்று அது பார்க்கும். அங்கே எதுவும் கிடைக்காவிட்டால்தான் டிவைஸ் ட்ரீயை (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) படிக்கும் ஓஎஃப்பார்ட் பார்சரின் முறை வரும். இரண்டையும் கலந்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. முதலில் பதில் சொன்னவர் சொன்னதே முடிவு. டிவைஸ் ட்ரீயைத் திருத்தி, கம்பைல் செய்து, போர்டில் ஏற்றி, ஒரு மாற்றமும் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: யூ-பூட் என்ற பூட்லோடரின் பூட்ஆர்க்ஸில் (கெர்னலுக்கு அனுப்பும் கமாண்ட் லைனை வைத்திருக்கும் செட்டிங்) பழைய எம்டிடிபார்ட்ஸ் வரி உட்கார்ந்திருக்கிறதா? இன்னொரு ஒளிந்த இடமும் உண்டு. எஃப்டிடி ஃபிக்ஸப் பார்டிஷன்ஸ் என்ற வசதி யூ-பூட்டில் போடப்பட்டிருந்தால், அது தன்னிடமுள்ள எம்டிடிபார்ட்ஸை வைத்து டிவைஸ் ட்ரீயின் பார்டிஷன் பகுதியையே மாற்றி எழுதி கெர்னலிடம் கொடுக்கும். நீங்கள் எழுதிய ஃபைல் ஒன்று, கெர்னல் பார்ப்பது வேறொன்று.

அடுத்தது பெயர்ப் பொருத்தம். எம்டிடிபார்ட்ஸ் வரியின் தொடக்கத்தில் எந்த சிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு பெயர் வரும். கெர்னல் அந்த சிப்புக்கு வைத்திருக்கும் பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய கெர்னலில் போர்டு ஃபைல் ‘எம்25பி80’ என்று பெயர் வைத்திருக்கும். புதிய கெர்னலுக்கு மாறியதும் அதே சிப் ‘எஸ்பிஐ0.0’ ஆகிவிடும். பெயர் பொருந்தாவிட்டால் பார்சர் எச்சரிக்கை எதுவும் காட்டாது. ‘என்னிடம் ஒன்றுமில்லை’ என்று ஒதுங்கிக்கொள்ளும். கெர்னலை மேம்படுத்தும்போது இதை நினைவில் வையுங்கள்.

கெர்னல் கான்ஃபிகில் கமாண்ட் லைன் பார்சரை மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனி ஃபைலாக) விடுவதும் அடிக்கடி பார்க்கும் தவறு. ரூட் ஃபைல் சிஸ்டம் இருப்பது அந்த ஃபிளாஷிலேதான். ஃபிளாஷைப் பிரிக்க மாட்யூல் வேண்டும், மாட்யூலை எடுக்க ஃபிளாஷைப் பிரித்திருக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதை. கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

டிவைஸ் ட்ரீ பக்கம், பார்டிஷன்ஸ் நோடில் ‘ஃபிக்ஸ்டு பார்டிஷன்ஸ்’ என்ற கம்பேட்டிபிள் வரியை மறந்தால், அது வேறு ஏதோ பார்சருக்கு உரியது என்று ஓஎஃப்பார்ட் விலகிப் போய்விடும். இதற்கும் எச்சரிக்கை வராது.

சரி, என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு போர்டில் 16 எம்பி எஸ்பிஐ நார் சிப் (ஃபிளாஷில் ஒரு வகை). எம்டிடி0 பூட்லோடர், எம்டிடி1 அதன் செட்டிங்ஸ், எம்டிடி2 ஃபேக்டரி, மீதி ஃபர்ம்வேர். முழு சிப்பையும் ஒரே ஃபைலாக பேக்கப் எடுக்க வசதியாக இருக்கும் என்று எம்டிடி பார்டிஷண்டு மாஸ்டர் என்ற ஆப்ஷனை ஆன் செய்தேன். அது முழு சிப்பையும் தனி டிவைஸாகக் காட்டும். பேக்கப்பும் நன்றாகவே வந்தது. ஆனால் அந்த முழு சிப் எம்டிடி0 என்ற இடத்தை எடுத்துக்கொண்டதில் மற்ற எல்லாம் ஒரு எண் தள்ளிப் போயின. பூட்லோடர் எம்டிடி1 ஆனது.

இரண்டு நாள் கழித்து பூட் டிலேயை மாற்ற எஃப்டபிள்யூ செட்என்வ் கமாண்டை அடித்தேன். லினக்ஸிலிருந்தே பூட்லோடரின் செட்டிங்ஸை மாற்றும் கமாண்ட் அது. அதன் கான்ஃபிக் ஃபைலில் எம்டிடி1 என்றே எழுதியிருந்தது. கமாண்ட் எம்டிடி1-ஐப் படித்தது, சிஆர்சி (தரவு சரியா என்று பார்க்கும் சோதனை எண்) தவறு என்று ஒரு வரி காட்டியது, டிஃபால்ட் மதிப்புகளை எடுத்துக்கொண்டு, முதல் 64 கேபியை அழித்து எழுதிவிட்டது. அழிந்தது பூட்லோடரின் தலைப்பகுதி. ரீபூட் செய்ததும் சீரியல் கன்சோலில் ஓர் எழுத்துகூட வரவில்லை. சிப்பின் எட்டுக் கால்களில் கிளிப் மாட்டி, சிஹெச்341ஏ புரோகிராமர் வழியாக அந்த பேக்கப்பைத் திரும்ப எழுதித்தான் போர்டை எழுப்பினேன்.

பூட்லோடர் பார்டிஷனில் ரீட்-ஒன்லி என்று ஒரு சொல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. எழுதத் திறக்கும்போதே கெர்னல் மறுத்திருக்கும். அன்றிலிருந்து எண்ணை நம்புவதில்லை. யூபிஐ (ஃபிளாஷின் தேய்மானத்தையும் கெட்ட பிளாக்குகளையும் கவனிக்கும் அடுக்கு) என்றால் கமாண்ட் லைனில் பார்டிஷன் பெயரையே கொடுக்கலாம். ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற ஃபிளாஷ் ஃபைல் சிஸ்டம் ரூட்டாக இருந்தால் அதற்கும் பெயர் கொடுக்கும் வழி உண்டு. பெயர் செல்லாத இடங்களில், பூட் ஆகும்போது புரோக் எம்டிடி ஃபைலில் (கெர்னல் பார்க்கும் பார்டிஷன் பட்டியல்) பெயரைத் தேடி எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

ஃபேக்டரி பார்டிஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைஃபை ரேடியோவின் கேலிப்ரேஷன் எண்களும் மேக் முகவரியும் அதில் இருக்கும். சில போர்டுகளில் அதன் பெயர் ஆர்ட். கேலிப்ரேஷன் தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டாக அளந்து எழுதியது. பூட்லோடர் போனால் வேறு பிரதி கிடைக்கும். இது போனால் அந்த போர்டுக்கு உரியது உலகில் வேறெங்கும் இல்லை. அதை அழிக்கக்கூடிய இரண்டு தவறுகள் எனக்குத் தெரியும்.

ஒன்று, டிவைஸ் ட்ரீயில் பார்டிஷன் இருக்கும் இடத்தைச் சொல்லும் ரெக் வரியின் இரண்டாவது எண்ணை முடியும் இடம் என்று நினைப்பது. அது அளவு. செட்டிங்ஸ் பார்டிஷன் 256 கேபியில் தொடங்கி 320 கேபியில் முடிகிறது என்று வையுங்கள். அளவு 64 கேபி. அங்கே 320 என்று போட்டுவிட்டால் பார்டிஷன் 576 கேபி வரை நீளும். 320-இல் தொடங்கும் ஃபேக்டரி முழுவதும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். பார்டிஷன்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதைக் கெர்னல் தடுப்பதில்லை. சிப்பின் கடைசியைத் தாண்டினால்தான் அளவைக் குறைத்துவிட்டு ஓர் எச்சரிக்கை போடும். அப்புறம் யாராவது ஒருநாள் செட்டிங்ஸை முழுதாக அழிப்பார்கள். ஃபேக்டரியும் சேர்ந்தே போகும்.

இன்னொன்று, எம்டிடிபார்ட்ஸில் தொடக்க இடத்தைச் சொல்லாமல் அளவுகளை மட்டும் வரிசையாக எழுதுவது. அப்படி எழுதினால் முந்தையது முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். கெர்னல் பார்டிஷன் போதவில்லை என்று அதை 1 எம்பி கூட்டினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் 1 எம்பி நகரும், ஃபேக்டரி உட்பட. தரவு பழைய இடத்திலேயே கிடக்கும், பெயர்ப்பலகை மட்டும் நகர்ந்துவிடும். ஒவ்வொரு பார்டிஷனுக்கும் தொடக்க இடத்தைக் கையோடு எழுதிவிடுங்கள். மீதி எல்லாம் என்று பொருள்படும் ஒற்றைக் கோட்டை (-)க் கடைசிக்கு மட்டும் வையுங்கள்.

அழிக்கும் பிளாக்கின் அளவும் ஆளைச் சுற்றவிடும். ஃபிளாஷை பைட் பைட்டாக அழிக்க முடியாது. எஸ்பிஐ நாரில் வழக்கமாக 64 கேபி, பல சிப்களில் 4 கேபியும் முடியும். பார்டிஷனின் தொடக்கமோ முடிவோ பிளாக் எல்லையில் விழாவிட்டால் கெர்னல் அதைக் கட்டாயமாக ரீட்-ஒன்லி ஆக்கிவிடும். பூட் லாகில் அதற்கு ஒரு வரி வரும். அதைக் கவனிக்காமல், ஏன் எழுத முடியவில்லை என்று பெர்மிஷனைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். 4 கேபி செக்டார் ஆப்ஷனை ஆன் செய்தால் இது தீரும். ஆனால் யூபிஐ மேல் ஓடும் யூபிஐஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்குக் குறைந்தது 15 கேபி பிளாக் வேண்டும். 4 கேபியில் ஓடாது. ஆப்ஷனைப் புரட்டுவதைவிடப் பார்டிஷன்களை 64 கேபி எல்லையில் வைப்பதே என் வழக்கம்.

ஃபிளாஷின் இன்னொரு வகையான நேண்ட் சிப் என்றால் கெட்ட பிளாக்குகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு பிளாக் அளவில் பார்டிஷன் வைத்தால் அந்த பிளாக் கெட்டுப்போகும் நாளில் போக்கிடம் இல்லை. ரெட்பூட் என்ற பூட்லோடர் உள்ள பழைய போர்டுகள் ஒரு விதிவிலக்கு: அங்கே பார்டிஷன் பட்டியல் ஃபிளாஷிலேயே இருக்கும். கெர்னல் கான்ஃபிகில் அது எந்த பிளாக்கில் என்று சொல்ல வேண்டும்; டிஃபால்ட் மதிப்பான -1 கடைசி பிளாக்கைக் குறிக்கும்.

எதை மாற்றினாலும், ஃபிளாஷில் எதையும் எழுதுவதற்கு முன் நான் மூன்றைப் பார்க்கிறேன். புரோக் சிஎம்டிலைனில் (கெர்னலுக்கு வந்து சேர்ந்த கமாண்ட் லைன்) உண்மையில் என்ன வந்தது. பூட் லாகில் எந்த பார்சர் எத்தனை பார்டிஷன் கண்டுபிடித்தது. ‘சிஎம்டிலைன்பார்ட்’ என்றோ ‘ஃபிக்ஸ்டு பார்டிஷன்ஸ்’ என்றோ பெயரோடு அந்த வரி இருக்கும். அப்புறம் புரோக் எம்டிடியில் அளவும் பிளாக் அளவும் பெயரும். மூன்றும் ஒத்துப்போனால் ஃபேக்டரி பார்டிஷனை ஹெக்ஸ் டம்ப்பில் திறந்து, போர்டின் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும் மேக் முகவரி அதற்குள் தென்படுகிறதா என்று பார்ப்பேன். தென்பட்டதும் அதை ஒரு பிரதி எடுத்து, ஸ்டிக்கர் எண்ணையே ஃபைல் பெயராக வைத்து, போர்டுக்கு வெளியே சேமித்துவிடுவேன்.