வீடியோ காலில் வாயடைத்துப் போவது: என் அனுபவம்

ஆட்டிசம் உள்ள எனக்கு, வெளியூரில் இருக்கும் காதலரோடு வீடியோ கால் தொடங்கி 20 நிமிடத்தில் வாயடைத்துவிடும், அதாவது பேச நினைத்தாலும் பேச்சு வராது. அவர் அதைக் கோபம் என்று நினைத்தார். பேசும் நேரத்தைக் குறைத்தோம், பலனில்லை. கேள்விகளை எழுதிவைத்துப் பேசினால் பேட்டி எடுப்பதுபோல் இருந்தது. கேமராவை அணைத்தால் அவருக்கு வருத்தம்.

கடைசியில் பார்த்தால், இதற்குக் காரணம் திரையின் மூலையில் தெரிந்த என் முகம்தான்! பேச்சுக்கு நடுவே அதைப் பார்த்துப் பார்த்து முகபாவத்தைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். சில செயலிகளில் நம் படத்தை நமக்கு மட்டும் மறைக்கலாம். எதிராளிக்கு வழக்கம்போல் தெரியும். அந்த வசதி இல்லையென்றால் அந்த மூலையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் போதும்.

அப்படியும் வாயடைத்தால் '1' என்று அனுப்புவேன். 'கோபமில்லை, இனி டைப் செய்கிறேன்' என்று அதற்கு அர்த்தம். இதை நன்றாகப் பேச முடிகிற நாளிலேயே முடிவு செய்துவைக்க வேண்டும். அடைத்த பிறகு விளக்க முடியாது.