விடியற்கால பில் முந்தின நாள் கணக்கில் விழுந்தால்

நெல்லை நயினார்குளம் மொத்தக் காய்கறிச் சந்தைக்கான பில்லிங் மென்பொருள் அது. இரவு 12 முதல் காலை 5.30 வரை போட்ட பில்லெல்லாம் முந்தின நாள் அறிக்கையில் போய் நின்றன. சர்வர் ஓடுவது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

5.30-ஐக் கையால் கூட்டவே கூடாது. நாளை யாராவது சர்வர் நேரத்தை மாற்றினால் இரண்டு தடவை கூடிவிடும். நேரத்தை யூடிசியிலேயே சேமித்து, 'ஏசியா/கொல்கத்தா' என்ற இந்திய நேர மண்டலத்தை வைத்து, நாளின் தொடக்க, முடிவு எல்லையைக் கணக்கிட்டேன். 2024 மார்ச் 1 அறிக்கை என்றால், யூடிசியில் பிப்ரவரி 29, 18:30 முதல் மார்ச் 1, 18:30-க்கு முன்புவரை. முடிவுக்குச் 'சிறியது' (<) குறிதான் போட வேண்டும். 23:59:59 என்று எழுதினால் கடைசி நொடியின் பின்னங்கள் தப்பிவிடும். மண்டல மாற்றத்தை எல்லையில் செய்யுங்கள். தரவுத்தளத்தின் நேர நெடுவரிசையின் மேல் ஃபங்ஷன் போட்டால், தேடலை வேகமாக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது, அறிக்கை ஊர்ந்துதான் வரும்.

நேரத்தை யூடிசியில் எழுத்தாக மாற்றித் தரும் ஜாவாஸ்கிரிப்டின் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) தனிப் பொறி. நம்மூர் மார்ச் 1 நள்ளிரவைக் கொடுத்தால் பிப்ரவரி 29 என்று திருப்பித் தரும். கடன் தவணை, பிறந்த நாள் போன்றவற்றுக்கு நேரமே வேண்டாம். வெறும் தேதி வகையில் சேமித்தால் போதும்.