போடிமெட்டு ஏறினால்தான் தெரியும்: குளிருக்கு பைக் கிளவுஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

போடியில் கடைக்குள் நின்றாலே வியர்க்கும். அந்த வியர்வையோடு மூணாறு குளிருக்கு கிளவுஸ் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது, ஏனென்றால் அங்கே எதை மாட்டினாலும் சூடாகத்தான் இருக்கும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அதோடு போகிறதா, காற்று வேறு. மூணாறுக்குப் போகும் கேப் ரோட்டில் டிசம்பர் விடியற்காலை 10 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 5 டிகிரி மாதிரி உறைக்கும். ஹேண்டில்பாரில் அந்தக் காற்றை முதலில் வாங்குவது விரல்தான்.

நான் முதல் வருடம் ரோட்டோரத்தில் கம்பளி கிளவுஸ் வாங்கினேன், நல்ல தடிமன், பார்த்தாலே கதகதப்பு. 17 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி பூப்பாறையில் இறங்கியபோது பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை. கட்டன் சாயா கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து கடைக்காரர், "கிளவுஸ் இட்டிட்டும் தணுப்பாணோ சேட்டா?" (கிளவுஸ் போட்டும் குளிருதா அண்ணா?) என்று சிரித்தார். பின்னல் கம்பளி நடக்கிறவனுக்குச் சரி. வண்டியில் போனால் அந்த ஓட்டை வழியாகக் காற்று நேராக உள்ளே வந்துவிடும். தடிமன் முக்கியமில்லை, மேல்துணி காற்றைத் தடுக்கிறதா என்பதுதான் முக்கியம். கடையிலேயே அதன்மேல் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், உள்ளே விரலில் காற்று பட்டால் கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது அளவு. "போடப் போட லூசாகிவிடும்" என்று இறுக்கமாக வாங்குகிறோம், செருப்பு வாங்கிய பழக்கம். சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான், அது நசுங்கினால் கதகதப்பும் போச்சு, ரத்த ஓட்டமும் குறையும். ரொம்ப லூசாக இருந்தால் லிவர் கைக்குப் பிடிபடாது. அதனால் கையை விரித்துப் பார்ப்பதில் பயனில்லை. மாட்டிக்கொண்டு வெளியே நிற்கும் உங்கள் வண்டியில் உட்கார்ந்து கிளட்ச், பிரேக், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் தொட்டுப் பாருங்கள். விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், உள்ளங்கைப் பக்கம் தடிமனாக மடிந்து சுருண்டு நிற்கக் கூடாது. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இப்போது தண்ணீர், அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள், உருண்டு ஓடும், நாமும் வாட்டர்ப்ரூஃப் என்று நம்பிவிடுவோம். அது மேல்பூச்சு மட்டும். ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் போனால் துணி ஊறிவிடும், பூச்சும் நாளாவட்டத்தில் தேய்ந்துவிடும். நிஜமாகத் தண்ணீர் புகாமலிருக்க உள்ளே மெல்லிய ஜவ்வு மாதிரி ஒரு படலம் வேண்டும். கோர்டெக்ஸ், ஹிப்போரா என்றெல்லாம் லேபிளில் எழுதியிருப்பது அதைத்தான். படலம் இருந்தும் மேல்துணி ஊறினால் கை நனையாது, ஆனால் சில்லிடும், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று, ஈரக் கையை வெடுக்கென்று உருவினால் உள்துணி விரலோடு வெளியே வந்துவிடும், திரும்ப உள்ளே தள்ளுவதற்குள் உயிர் போய்விடும். வாங்கும்போதே விரல் நுனியை இழுத்துப் பாருங்கள், உள்துணி தனியாக ஆடக் கூடாது.

நல்ல கிளவுஸ் வாங்கியும் நனைகிறவர்கள் மணிக்கட்டைப் பார்ப்பதில்லை. ஜெர்கின் கையை கிளவுஸுக்குள் விட்டால், தோளில் விழுந்த மழை சறுக்குமரம் மாதிரி இறங்கி உள்ளே நிரம்பும். சாதாரண பைக்கில் கை கீழ்நோக்கித்தான் இருக்கும், அதனால் மழைக்கு ஜெர்கின் கை மேலே, கிளவுஸ் உள்ளே.

பாலிதீன் கவரைக் கையில் கட்டிக்கொண்டு போவதையும் பார்க்கிறேன். வெளியே கட்டினால் லிவர் வழுக்கும், அந்த வளைவுகளில் விளையாட்டில்லை. அவசரத்துக்கு மெல்லிய ரப்பர் கிளவுஸை உள்ளே போட்டுக்கொள்ளலாம், காற்று ஈரம் இரண்டும் தடுக்கும், வியர்க்கும், அவ்வளவுதான்.

சூடு பார்க்கிற வேகத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம். கை தானாக முன்னால் நீளும், உள்ளங்கைதான் தேயும். உள்ளங்கையில் தோலோ கெட்டியான துணியோ, விரல் முட்டிக்குக் காப்பு, மணிக்கட்டில் பட்டை, மூன்றும் இருக்கட்டும். பட்டையைப் போட்டபின் விரல்பக்கம் பிடித்து இழுங்கள், கழன்று வந்தால் ரோட்டிலும் கழன்றுவிடும். இஎன் 13594 என்று அச்சிட்டிருந்தால் அது மோட்டார் சைக்கிள் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தரம். பக்கத்தில் 1 அல்லது 2 இருக்கும், 2 கூடுதல் பாதுகாப்பு. இடது கை விரலில் சின்ன ரப்பர் பட்டை இருந்தால் விடாதீர்கள், மூடுபனியில் ஹெல்மெட் வைசர் துடைக்க அருமை.

நெஞ்சில் குளிர் ஏறினால் உடம்பு விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். எவ்வளவு விலை கிளவுஸானாலும் அப்போது விரல் விறைக்கும், ஜெர்கினையும் கவனியுங்கள்.

நனைந்ததை சைலன்சர் மேல் காயப்போடாதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் விடுங்கள். சைலன்சர் மேல் நான் காயவைத்த தோல் கிளவுஸ் அப்பளம் மாதிரி விறைத்துப் போனது, இப்போது செயினுக்கு எண்ணெய் போடும்போது மட்டும் எடுக்கிறேன்.