எஸ்எஸ்டி வாங்க முன் லப்டொப்பைத் திறந்து பாருங்கள்

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து ஒரு கம்பஸ் பிள்ளை தன் லப்டொப்பைக் கொண்டுவந்தாள். கையில் பெட்டி பிரிக்காத ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். கனடாவில் இருந்து வந்த சித்தப்பா கொடுத்தது. ஒரு டெராபைட், நல்ல பிராண்ட். அடிமூடியைக் கழற்றினேன். எஸ்எஸ்டிப் பட்டையைச் செருகும் எம்.2 இடம் இருந்தது. பட்டையைச் செருகி, நுனியில் சின்ன ஸ்குரூவையும் பூட்டியாயிற்று. லப்டொப் தொடங்கும்போது உள்ளே என்னென்ன பூட்டியிருக்கிறது என்று காட்டும் பயோஸைத் திறந்து பார்த்தால், அப்படி ஒரு சாமான் அங்கே இல்லவே இல்லை.

"பழுதானதைத் தலையில் கட்டிவிட்டார்களோ அண்ணா?"

"இல்லைத் தங்கச்சி, சாமான் நல்லது. இது என்விஎம்ஈ. உங்கள் லப்டொப்பில் உள்ள இடம் சாட்டாவுக்கு மட்டும்தான்."

நான் அடிக்கடி காணும் தவறு இதுதான். கடைக்குப் போனதும் "எத்தனை ஜிபி, என்ன விலை" என்று கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த லப்டொப் எதை ஏற்கும்? பழைய டிஸ்க்கில் காப்பாற்ற வேண்டியது என்ன?

முதல் கேள்விக்கு வருவோம். எம்.2 என்பது வடிவத்துக்கு வைத்த பெயர். சாட்டாவும் என்விஎம்ஈயும் டிஸ்க் லப்டொப்போடு பேசும் இரண்டு முறைகள். அந்த ஒரே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்ஈயும் வரும். சாட்டா நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். என்விஎம்ஈ மூன்றாம் தலைமுறையில் 3,500 வரையும், நான்காம் தலைமுறையில் 7,000 வரையும் போகும். தங்க நிறப் பற்களின் நடுவே உள்ள வெட்டைப் பாருங்கள். இரண்டு வெட்டு என்றால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் பெரும்பாலும் என்விஎம்ஈ. ஆனால் வெட்டுப் பொருந்தியதை மட்டும் நம்பக் கூடாது. அந்தப் பிள்ளையின் பட்டை வடிவாகத்தான் பொருந்தியது. இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும்: புதிய லப்டொப்புகள் பலவற்றில் என்விஎம்ஈ மட்டும்தான் ஓடும், சாட்டா பட்டை உள்ளே போனாலும் பயோஸில் தெரியாது.

நீளத்தையும் பார்க்க வேண்டும். 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. குட்டை இடத்தில் நீளமானதைப் பூட்ட வழியே இல்லை.

எனவே அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள மொடல் இலக்கத்தை முழுவதுமாக எழுதுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மொடலுக்கான சேவிஸ் கையேட்டைத் தேடி எடுங்கள். எந்த எஸ்எஸ்டி, என்ன நீளம் என்பது அதில் இருக்கும். வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், ஸ்டிக்கரையும் திறந்த அடிப்பக்கத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் உத்தரவாதம். அங்கே வாங்கியது இங்கே பழுதானால், பல வேளைகளில் வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டி வரும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் யாழ்ப்பாணத்துக் கடையிலோ கொழும்பிலோ பில்லுடன் வாங்குவதைத்தான் நான் சொல்வேன்.

சில லப்டொப்புகளில் மாற்றவே முடியாது. 2018க்குப் பிறகு வந்த மக்புக் எயார்களிலும், இஎம்எம்சி என்ற சின்னச் சேமிப்புச் சிப் (32, 64 ஜிபி) உள்ள மலிவு லப்டொப்புகளிலும் சேமிப்பகம் மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும்.

பழைய லப்டொப் என்றால் உள்ளே இருப்பது இரண்டரை அங்குல ஹாட் டிஸ்க். அதிலும் தடிப்பு 9.5 மில்லிமீற்றர், 7 மில்லிமீற்றர் என்று வேறுபடும். இன்றைய சாட்டா எஸ்எஸ்டிகள் பொதுவாக 7. 9.5 மில்லிமீற்றர் இடத்தில் வைத்தால் ஆடும். அதனால் பழைய டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் தகட்டுச் சட்டத்தையும் ஸ்குரூக்களையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மதர்போர்டுக்குப் போகும் நாடா போன்ற மெல்லிய கேபிளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிந்த இடத்தில் கீறல் இருந்தால் புதிய எஸ்எஸ்டியும் பிழை காட்டும். பிழை கேபிளில் இருக்க, டிஸ்க்கை மாற்றி மாற்றிக் காசை விட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

வேகத்துக்காக அதிகம் கொடுப்பதும் வீண். ஹாட் டிஸ்க்கில் இருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும், ஏனென்றால் ஹாட் டிஸ்க்கின் வாசிக்கும் தலை அங்கும் இங்கும் ஓடித் தேடும் வேலை நின்றுவிடுகிறது. அதன் பிறகு கட்டுரை எழுதுபவருக்கும் ஸூமில் படிப்பவருக்கும் 3,500உம் 7,000உம் ஒன்றுதான். நான்காம் தலைமுறைப் பட்டையை மூன்றாம் தலைமுறை லப்டொப்பில் போட்டால் ஓடும், ஆனால் மூன்றின் வேகத்தில்தான். நம் சித்திரை வெயிலில் மெல்லிய லப்டொப்புக்குள் வேகமான பட்டை சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. கிங்ஸ்டன் ஏ400இன் 480 ஜிபி மொடலுக்கு 160 டெராபைட் எழுதலாம் என்று கணக்கு. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் அதை முடிக்க இருபது வருடங்களுக்கு மேல் ஆகும். இதை யோசித்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

500 ஜிபி வாங்கி 465 தெரிந்தால் அது மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. 16 டெராபைட் எஸ்எஸ்டி என்று ஒன்லைனில் மிக மலிவாக வரும் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி காட்தான் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்த்து, உண்மையான அளவைக் காட்டிவிடும். புதியது என்று வாங்கியதைப் பூட்டியதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஓடிய மணித்தியாலங்களைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது யாரோ பாவித்தது. உடனே பில்லுடன் போய்க் கதையுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. பழைய டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கிய பிறகும் அதை அப்படியே குளோன் செய்ய, அதாவது முழு டிஸ்க்கையும் புதியதில் பிரதி எடுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இறந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை முழுவதும் வாசிக்க வைப்பது அதன் கடைசி மூச்சையும் வாங்குவது போல. முதலில் படங்கள், படிப்பு, கணக்குகள் ஆகியவற்றை மட்டும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். விண்டோஸ் திரும்பவும் போடலாம். 1995 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் இங்கே எத்தனை! அம்மம்மாவின் ஒரே படம் ஸ்கான் செய்யப்பட்டு அந்த டிஸ்க்கில் மட்டும் கிடக்கும். அதை வீட்டாரிடம் கேட்காமல் ஃபோமட் செய்யும் கையை நான் மன்னிக்க மாட்டேன்.

விண்டோஸ் 11 உள்ள லப்டொப்பில் டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். கழற்ற முன் மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய டிஸ்க்கை வெளியே பூட்டினாலும் உள்ளே போக முடியாது.

எஸ்எஸ்டியையே பெட்டகமாக நம்புவதும் பிழை. ஹாட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததைப் பல வேளைகளில் மீட்கலாம். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு அழித்ததை விரைவிலேயே உண்மையாகத் துடைத்துவிடும். மின்சாரம் இல்லாமல் அலுமாரியில் வருடக்கணக்கில் வைக்கவும் அது ஏற்றதல்ல. தன் எழுதும் ஆயுளை முடித்த சாதாரண எஸ்எஸ்டி, 30 பாகை வெப்பத்தில் மின்சாரம் இன்றி ஒரு வருடம் தகவலைத் தாங்கினால் போதும் என்பதே சிப் துறைக்கு நியமம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் நியமம். கலியாணப் படங்களை எடுத்து வைக்க ஹாட் டிஸ்க்தான் நல்லது, அதுவும் இரண்டு.

அந்தப் பிள்ளைக்கு ஒரு எம்.2 சாட்டா பட்டை வாங்கிப் பூட்டினோம். சித்தப்பா தந்ததை யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தேன், ஆய்வுக் கட்டுரையின் பிரதி இப்போது அதில் இருக்கிறது. கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு, மேலே திகதி எழுதி, மூன்று மாதத்துக்கு அதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.