இலவசச் சோதனைக் காலத்துக்குக் கார்டு எண் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூரில் காலணியின் மேற்பகுதியை (அப்பர்) தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றின் கணக்கைச் சரிபார்த்தபோது, உரிமையாளரின் கிரெடிட் கார்டில் எட்டு மாதங்களாக ஒரே தொகை கழிந்துகொண்டிருப்பதைக் கண்டேன். எதற்காக என்று அவருக்கே தெரியவில்லை. அங்கே முன்பு வேலை பார்த்த இளைஞர் ஒருவர், வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்ப்பதற்காக, முதலாளியிடம் கேட்டு அவருடைய கார்டைப் பதிவு செய்திருந்தார். கணக்கோ இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தது. அவர் வேலையை விட்டுப் போனபின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது.

வேலூரைச் சுற்றியுள்ள சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதிவரும் நான், இதே கதையைச் சிறுசிறு மாற்றங்களுடன் பலமுறை பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: கார்டு எண்ணைக் கேட்பது ஆளை அடையாளம் காண்பதற்காக என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில், இலவச நாட்கள் முடிந்ததும் நாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்னும் சம்மதத்தை அந்த இடத்திலேயே கொடுத்துவிடுகிறோம்.

அடுத்த தவறு, ஓடிபி கேட்காமல் பணம் போகாது என்ற நம்பிக்கை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தொடர்ச்சியாகப் பணம் எடுக்கும் அனுமதியைப் பதிவு செய்யும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதன்பின் ஒவ்வொரு முறையும் அது தேவையில்லை. இப்படி ஓடிபி இல்லாமல் ஒரு முறைக்கு எடுக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2022 ஜூன் மாதத்தில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே சோதனைக் காலத்தின் முதல் நாளில் நாம் இட்ட ஓடிபியே பின்வரும் மாதங்களுக்கும் செல்லும். பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி நமக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். ஆம்பூர் முதலாளிக்கும் அந்தக் குறுஞ்செய்தி மாதந்தோறும் வந்துகொண்டுதான் இருந்தது. கடன் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் நினைவூட்டல்களுக்கும் நடுவே, அறிமுகமில்லாத பெயருடன் வந்த அதை அவர் திறந்து பார்க்கவில்லை. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபியே இல்லாமல், கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி ஆகியவற்றைக் கொண்டு பணம் எடுத்துவிடும். வங்கிச் செயலியிலேயே அந்த வசதியை அணைத்து வைக்கலாம்.

செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் முடிந்துவிடும் என்று எண்ணுவது மாணவர்களிடம் அதிகம். நீக்குவது வேறு, ரத்து செய்வது வேறு. கடைசி நாள் இரவுவரை காத்திருப்பதும் ஆபத்தானது. ஆப்பிள் நிறுவனத்தின் வழியாகத் தொடங்கிய சோதனைக் காலத்தை, அது முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்தாக வேண்டும். 'மாதம் இவ்வளவு மட்டுமே' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, ஆண்டுத் தொகை மொத்தமாக எடுக்கப்படும் என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் விடுவதுதான் பண அளவில் மிகப் பெரிய இழப்பைத் தருகிறது. ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே ரத்து செய்யும் வழி எது என்று தேடிப் பாருங்கள். அது எளிதில் கிடைக்காவிட்டால், அந்த மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கார்டைக் கொடுக்காதீர்கள் என்றே நான் சொல்வேன்.

காட்பாடிப் பக்கம் மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் ஒரு செயலியைக் கொண்டு செல்லும்போது, முதல் திரையிலேயே கார்டைக் கேட்பது உங்களுக்கே கேடு. யுபிஐ மட்டும் வைத்திருக்கும் கடைக்காரர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். கார்டு உள்ளவர் ஓடிபி பக்கத்தில் தொகையைப் பார்த்து அஞ்சி மூடிவிடுவார். நீங்கள் இழப்பது பொருளைப் பார்க்கவே வாய்ப்புக் கிடைக்காத வாடிக்கையாளரை. கைபேசி எண்ணை மட்டும் பெற்றுக்கொண்டு முழுமையாகப் பயன்படுத்த விடுங்கள். பிடித்துப்போனால் அவரே பணம் கட்டுவார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டு நெறிகள், இலவசச் சந்தாவுக்காகப் பணம் செலுத்தும் விவரங்களையோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையோ கட்டாயமாகக் கேட்பதைச் 'சந்தாப் பொறி'யில் சேர்த்திருக்கின்றன; ரத்து செய்யும் வழியை மறைப்பதும் அதே வகைதான். இப்படி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் தரலாம்.

ஆம்பூர் பட்டறையில், கடவுச்சொல் இல்லாமலேயே வழி கிடைத்தது. நாம் கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் வசதியைக் கார்டு வழங்கிய வங்கி தந்தாக வேண்டும்; உரிமையாளரின் வங்கிப் பக்கத்தில் இருந்த இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதிகள்) பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டு அங்கேயே ரத்து செய்தோம். பின்னர் அந்த இளைஞரைத் தொலைபேசியில் பிடித்து, மென்பொருள் கணக்கையும் முறைப்படி மூடச் செய்து, அதற்கு வந்த மின்னஞ்சலைப் படியெடுத்துக் கோப்பில் வைத்தோம். போன எட்டு மாதப் பணம் திரும்பவில்லை. இப்போது அந்தப் பட்டறையில் எதற்குப் பதிவு செய்வதானாலும் பட்டறையின் பொது மின்னஞ்சல்தான். சோதனைக் காலம் முடிவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியைச் சுவர் நாட்காட்டியில் உரிமையாளரே தம் கையால் வட்டமிட்டு வைக்கிறார்.