பிளாட்டினம்–ருத்தேனியம் நானோ வினையூக்கியை ஆய்வகத்தில் தயாரிக்கும் முறை

மெத்தனால் எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினத்தை மட்டும் பயன்படுத்தினால், மெத்தனால் சிதையும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அதன் மேற்பரப்பை இறுகப் பற்றிக்கொண்டு வினையை மந்தமாக்கிவிடும். பக்கத்தில் ருத்தேனியம் அணு இருந்தால், அது குறைந்த மின்னழுத்தத்திலேயே நீரிலிருந்து ஹைட்ராக்சில் தொகுதியைப் பெற்று, அந்த மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாகி வெளியேற வழிசெய்கிறது. வாடனாபே, மோட்டூ ஆகியோர் 1975-இல் முன்வைத்த இருசெயல் விளக்கம் இதுவே. எனவே இரண்டு உலோகங்களும் ஒரே துகளில் அடுத்தடுத்து அமைய வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் 100 மி.கி. வினையூக்கிக்கு உரியவை. அதில் 80 மி.கி. வல்கன் எக்ஸ்சி-72 கார்பன் (உலோகத் துகள்களைத் தாங்கும் மின்கடத்தும் கரித்தூள்). மீதி 20 மி.கி. உலோகம், 1:1 அணு விகிதத்தில்.

இந்த விகிதத்துக்குப் பிளாட்டினம் 13.2 மி.கி., ருத்தேனியம் 6.8 மி.கி. தேவை. பிளாட்டினத்துக்காக, ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட குளோரோபிளாட்டினிக் அமிலத்தை 35 மி.கி. எடுக்கவும். இது உலோகக் கரண்டியை அரிப்பதோடு ஒவ்வாமையையும் உண்டாக்கும் என்பதால், பிளாஸ்டிக் கரண்டியும் கையுறையும் முகக்கவசமும் தேவை.

தொடக்க நிலையினர் அதிகம் தடுமாறும் இடம் ருத்தேனியம் குளோரைடு. இதில் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை நிலையானதன்று. மூன்று என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் விகிதம் தொடக்கத்திலேயே பிசகக்கூடும். புட்டியின் பகுப்பாய்வுச் சான்றிதழில் உள்ள ருத்தேனியம் சதவீதத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும்: 40 சதவீதம் என்றிருந்தால் 17 மி.கி. எடுக்கலாம். திறந்த புட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே தடவையில் கரைசலாக்கி, அதன் செறிவை ஐசிபி கருவியில் (கரைசலில் உள்ள தனிமங்களின் அளவைக் காட்டும் நிறமாலைக் கருவி) அளந்து வைத்துக்கொண்டு, மைக்ரோபிப்பெட்டால் எடுப்பதே நம்பகமானது.

கார்பனை நீரில் இட்டு அரை மணி நேரம் சோனிகேட் செய்து (மீயொலியால் கலைத்து), இரு உப்புக் கரைசல்களையும் சேர்த்து நன்கு கலக்கவும். உப்புகளை உலோகமாக ஒடுக்க, 51 மி.கி. சோடியம் போரோஹைட்ரைடை (மொத்த உலோக மோல்களைப் போலப் பத்து மடங்கு) சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த பனிக்குளிர்ந்த நீரில் கரைக்கவும். காரம் இல்லாவிட்டால் அது கரைந்தவுடனேயே நீருடன் வினைபுரிந்து வீணாகத் தொடங்கும். சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், எளிதில் ஒடுங்கும் பிளாட்டினம் முதலில் படிந்து, ருத்தேனியம் பின்தங்க வாய்ப்பு உண்டு. ஆகவே வேகமாகக் கலக்கிக்கொண்டே ஒரே வீச்சில் ஊற்றுவதையே நான் விரும்புகிறேன். ஹைட்ரஜன் பொங்கி எழும் என்பதால் பெரிய பீக்கரில், புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யவும்.

சில மணி நேரம் கலக்கியபின் வடிகட்டிக் கழுவவும். கழுவிய நீரில் நைட்ரிக் அமிலத்தைச் சிறிது சேர்த்து வெள்ளி நைட்ரேட்டை விட்டால் கலங்கக் கூடாது. எஞ்சும் குளோரைடு பிளாட்டினத்தின் மேற்பரப்பை அடைத்துக்கொண்டு மின்வேதி அளவீட்டைக் குழப்பும். பிறகு வெற்றிட அடுப்பில் 60 டிகிரி செல்சியஸில் உலர்த்தவும்.

மின்முனையில் பூசுவதற்கான வினையூக்கி மை தயாரிக்கும்போது, உலர்ந்த தூளின் மேல் நேரடியாக ஆல்கஹாலை ஊற்றக் கூடாது, அது தீப்பிடிக்கும். முதலில் நீரால் நன்றாக நனைத்து, பிறகே ஐசோபுரொப்பனாலும் நாஃபியானும் (தூளைப் பிணைக்கும், புரோட்டானைக் கடத்தும் பாலிமர்) சேர்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை) பிளாட்டினத்தின் 39.8 டிகிரி உச்சம் உயர்கோணத்துக்கு நகர்ந்தால் ருத்தேனியம் அதனுடன் கலந்திருக்கிறது என்று பொருள்; ஆனால் நகர்ந்ததா என்று தெரியவில்லை எனச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். துகள்கள் மிகச் சிறியவையாக இருந்தால் உச்சம் அகன்றுவிடும். படிகமாகாத ருத்தேனியம் ஆக்சைடோ அதில் தெரியவே தெரியாது. அத்தகைய நிலையில் கார்பன் மோனாக்சைடு நீக்கச் சோதனை (மேற்பரப்பில் பற்றவைத்த மோனாக்சைடை, மின்னழுத்தத்தை உயர்த்தி ஆக்சிஜனேற்றி நீக்கி, மின்னோட்ட உச்சத்தைப் பார்ப்பது) அதிகம் சொல்லும்: உச்சம் தூய பிளாட்டினத்தைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் ஒன்றாக வந்தால் உலோகங்கள் அருகருகே உள்ளன, இரண்டாகப் பிரிந்தால் தனிப் பிளாட்டினத் துகள்களும் கலந்திருக்கலாம். இச்சோதனையை வாயு உணரி இல்லாத அறையில் செய்ய வேண்டாம். துணை மின்முனையாகப் (counter electrode) பிளாட்டினக் கம்பிக்குப் பதில் கார்பன் தண்டு வைக்கவும். மீள் ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டு 0.8 வோல்ட்டுக்கு மேலே போகவும் வேண்டாம், ஏனெனில் அதற்கு அப்பால் ருத்தேனியம் கரைந்து வெளியேறத் தொடங்கும்.